பெயர் வெட்டப்பட்ட சட்டத்தரணிகள் – ஏழரை நூற்றாண்டுக் கதை



சட்டத்தரணிகள் மீதான ஒழுக்காற்று விசாரணை பற்றி நான் கடந்த மாதம் வானொலியில் பேசிய பின்னர், நிலையத்துக்கு வந்த அழைப்புகளில் பாதிக்கு மேல் ஒரே கேள்விதான். "தம்பி, எங்கட காசை வாங்கிப்போட்டு கேஸைக் கவனிக்காமல் விட்ட லோயரை ஒண்டும் செய்யேலாதோ?" செய்யலாம். அந்த வழி எப்படி உண்டானது என்ற வரலாற்றை, அன்று நேரம் போதாமல் விட்டவற்றையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன். நான் சட்டம் படித்தவன் அல்லன். ஊரில் வணிகம் படித்து, லண்டனில் கணக்காளனாக இருப்பவன். ஆனால் இந்தக் கதையில் கணக்காளனுக்கும் ஒரு பங்குண்டு.

ஊரில் அப்புக்காத்து, பிரக்கிராசி என்று இரண்டு வகையினர் இருந்ததை மூத்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். 1973ஆம் ஆண்டின் நீதி நிருவாகச் சட்டம் இருவரையும் ஒன்றாக்கிச் 'சட்டத்தரணி' என்று பெயரிட்டது. இங்கிலாந்தில் அந்தப் பிரிவு இன்றும் உண்டு. பாரிஸ்டரின் தகுதியைப் பறிப்பது அவரைச் சேர்த்துக்கொண்ட சங்கத்தின் பெயரால் நடக்கும். சொலிசிட்டர் என்றால் 'றோலில் இருந்து பெயரை வெட்டுதல்' என்பார்கள். றோல் என்பது சுருள். அந்தக் காலத்தில் அது உண்மையாகவே சுருட்டி வைத்த தோல் ஏடு.

இந்த வரலாற்றின் முதற்பக்கம் 1275ஆம் ஆண்டு. முதலாம் எட்வேர்ட் மன்னன் காலத்தில் வந்த வெஸ்ட்மின்ஸ்டர் சட்டத்தின் 29ஆம் அத்தியாயம், மன்றத்தையோ கட்சிக்காரனையோ ஏமாற்றும் வழக்குரைஞனுக்கு ஒரு வருடமும் ஒரு நாளும் சிறை என்றது. அதன் பிறகு அவன் அந்த மன்றத்தில் எவருக்காகவும் வாய் திறக்கக்கூடாது. 1402இல் நான்காம் ஹென்றி காலத்தில் இன்னொரு சட்டம் வந்தது. நீதிபதிகள் சட்டத்தரணிகளைச் சோதித்து, நல்லவர்களின் பெயரைச் சுருளில் எழுத வேண்டும். மற்றவர்களை விலக்க வேண்டும். பெயர் எழுதுகிற ஏடு இருந்தால்தானே வெட்டுவதற்கும் இடமிருக்கும்!

இதே முறை ஆங்கிலேயரோடு கப்பலேறி இலங்கைக்கும் வந்தது. 1978ஆம் ஆண்டின் நீதித்துறைச் சட்டத்தின் 42ஆம் பிரிவைப் பாருங்கள். ஏமாற்று, முறைகேடு, குற்றம் ஆகியவற்றுக்காக உயர் நீதிமன்ற நீதியரசர்கள் மூவர் கூடியிருந்து ஒரு சட்டத்தரணியை இடைநிறுத்தலாம் அல்லது நீக்கலாம் என்கிறது அது. 1275இல் எழுதிய 'ஏமாற்று' என்ற சொல் எழுநூறு ஆண்டுகள் கழித்துக் கொழும்பிலும் முதலாவதாக நிற்கிறது.

இந்தப் பேனா எப்போதும் சரியான பெயரைத்தான் வெட்டியது என்று சொல்ல முடியாது. காந்தி 1891இல் லண்டன் இன்னர் டெம்பிளில் பாரிஸ்டரானவர். 1922 மார்ச்சில் அரச நிந்தனைக்காக அவருக்கு ஆறு வருடச் சிறை விதித்தார்கள்; அந்த நவம்பரில் இன்னர் டெம்பிள் அவர் பெயரை நீக்கியது. 1988இல், அவர் இறந்து நாற்பது வருடங்களின் பின், திரும்பச் சேர்த்தார்கள். நமது வ.உ.சிதம்பரம்பிள்ளையும் 1908இல் தண்டிக்கப்பட்டு வக்கீல் உரிமத்தை இழந்தார். வாலஸ் என்ற ஆங்கிலேய நீதிபதியின் உதவியால் அது திரும்பக் கிடைத்தது. அந்த நன்றிக்காக வ.உ.சி. தன் மகனுக்கு வாலேஸ்வரன் என்று பெயர் வைத்தார். அரசாங்கத்துக்குப் பிடிக்காதவனை விலக்குவதற்கும், ஏழையின் பணத்தைத் தின்றவனை விலக்குவதற்கும் ஒரே ஏடுதான். ஆகவே அதை யார் கையில் வைத்திருப்பது என்பது பெரிய கேள்வியாக இருந்து வந்திருக்கிறது.

நெடுங்காலம் அது நீதிபதிகளின் கையிலேயே இருந்தது. 1888இல் வந்த சட்டம், முறைப்பாடுகளை விசாரித்து மன்றத்துக்கு அறிக்கை கொடுக்கும் குழுவொன்றை உண்டாக்கியது. 1919இல் பெயரை வெட்டும் அதிகாரமே சொலிசிட்டர்களின் ஒழுக்காற்றுக் குழுவிடம் போனது. இப்போதைய ஒழுக்காற்று மன்று 1974ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் வந்தது.

இடையில் ஒரு பெரும் அதிர்ச்சி. சட்டச் சங்கத்தின் தலைவராகவே இருந்த பெஞ்சமின் லேக் என்பவர், கட்சிக்காரரின் பணத்தைக் கையாண்டதற்காக 1901இல் பன்னிரண்டு வருடக் கடூழியச் சிறைக்குப் போனார். வேலிக்குக் காவலாக நின்றதே பயிரை மேய்ந்தது! அப்போதெல்லாம் கட்சிக்காரரின் பணத்தையும் தன் பணத்தையும் ஒரே வங்கிக் கணக்கில் போட்டு வைக்கச் சட்டத்தில் தடை இருக்கவில்லை. தன் தொழில் நட்டப்பட்டதும் பிறர் பணம் அதற்குள் கரைந்தது. 1933ஆம் ஆண்டுச் சட்டத்தின் பின்னர்தான் கட்சிக்காரர் பணத்துக்குத் தனி வங்கிக் கணக்கு வேண்டும் என்ற விதிகள் வந்தன. 1941ஆம் ஆண்டுச் சட்டம் கணக்காளரின் சான்றிதழையும், பணத்தை இழந்தவர்களுக்கான நட்டஈட்டு நிதியையும் கொண்டுவந்தது. இங்கேதான் எங்கள் தொழில் கதைக்குள் வருகிறது. கட்சிக்காரர் கணக்கைப் பார்வையிடும் கணக்காளர் அங்கே திருட்டின் தடயத்தைக் கண்டால், மேலிடத்துக்கு அறிவித்தே ஆக வேண்டும்.

1993இல் தீர்ப்பான போல்ட்டன் என்ற வழக்கில் நீதிபதி பிங்ஹம் ஒன்றைத் தெளிவாக்கினார். பெயர் வெட்டுவதன் முதல் நோக்கம் தண்டனை அல்ல. எந்தச் சொலிசிட்டரிடமும் கண்ணை மூடிக்கொண்டு பணத்தையும் பத்திரத்தையும் கொடுக்கலாம் என்ற பொதுமக்களின் நம்பிக்கையைக் காப்பதே அது. ஆகையால், நேர்மையீனம் நிரூபிக்கப்பட்டால் அவர் எவ்வளவு நல்ல குடும்பஸ்தர் என்பது பெரிதாக எடுபடாது.

சரி, எங்கள் ஆட்களுக்கு வருவோம். 1996இல் என் அத்தானின் அகதி விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது. மேன்முறையீட்டுக்காக ஒரு சட்டத்தரணியிடம் 600 பவுண் காசாகக் கொடுத்தோம். பற்றுச்சீட்டுக் கேட்கவில்லை, கேட்பது மரியாதையில்லை என்று நினைத்தோம். அவர் குறித்த நாளுக்குள் பத்திரத்தை அனுப்பவேயில்லை. அத்தான் முறைப்பாடு செய்யத்தான் நின்றார். "அத்தான், விடுங்கோ. லோயரோட கொழுவினால் ஹோம் ஒஃபிஸில எங்கட பேர்தான் கெடும்" என்று மறித்தவன் நான். கணக்குப் படித்தவன் சொல்கிறேனே என்று அவரும் விட்டுவிட்டார்.

அந்த நாட்களில் சட்டமும் எங்களுக்குச் சாதகமாக இல்லை. 1989இல் அல்மெஹ்தாவி என்ற ஈராக்கிய மாணவரின் வழக்கில், விசாரணைத் தேதியை அவரது சட்டத்தரணிகள் தவறான முகவரிக்கு அனுப்பியதால் அவர் போகாமல் விட, வழக்குத் தோற்றது. தன் சட்டத்தரணியின் பிழையை மன்றத்தின் அநீதி என்று சொல்ல முடியாது எனப் பிரபுக்கள் சபை தீர்ப்பளித்தது. 2007இல்தான் ஈரானியர் ஒருவரின் வழக்கில், பிரதிநிதியின் பிழையை எந்நேரமும் அகதியின் தலையில் கட்டக்கூடாது என்று மேன்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது.

2005இல் அத்தான் புதிய சட்டத்தரணி ஒருவரிடம் போனபோது அவர் கேட்ட முதற்கேள்வி: "பழையவர் மேல் எழுத்தில் முறைப்பாடு கொடுத்தீர்களா?" காரணம், அதற்கு முதல் வருடம் நேபாளத்தவர் ஒருவரின் வழக்கில் குடிவரவு மேன்முறையீட்டு மன்று ஒரு நெறி வகுத்திருந்தது. முன்னைய சட்டத்தரணி பிழைவிட்டார் என்று சொல்வதானால், அந்தக் குற்றச்சாட்டை முதலில் அவரிடமே சொல்லிப் பதில் கேட்டிருக்க வேண்டும். எங்களிடம் ஒரு துண்டுக் கடிதமும் இல்லை. அத்தானுக்கு விசா கிடைத்தது 2008இல். அவருடைய தகப்பனாரின் செத்தவீட்டை 2001இல் வீடியோக் கொப்பியில்தான் பார்த்தார். அந்தக் கொப்பி ஓடிய அறையில் நானும் இருந்தேன். இன்றுவரை அத்தான் என்னை ஒரு சொல் சொன்னதில்லை.

எங்களைப் போன்றவர்களின் முறைப்பாடுகளாலும் நீதிபதிகளின் கோபத்தாலும் பின்னர் பல மாற்றங்கள் வந்தன. 1999ஆம் ஆண்டுச் சட்டம், தகுதியில்லாதவர் குடிவரவு ஆலோசனை சொல்வதைக் குற்றமாக்கி ஓர் ஆணையாளரை நியமித்தது. அந்த அமைப்புக்கு 2025இல் குடிவரவு ஆலோசனை அதிகாரசபை என்று பெயர் மாறியது. 2012இல் ஹமீட் வழக்கில், கடைசி நிமிடத்தில் பொருளற்ற விண்ணப்பங்களைக் கொண்டுவரும் சொலிசிட்டர்களை நேரில் அழைத்து விளக்கம் கேட்போம் என்று மேல் நீதிமன்றம் எச்சரித்தது.

நேயர்களே, கணக்காளன் என்ற முறையில் நான்கு விடயங்கள் சொல்கிறேன். காசு கொடுத்தால் பற்றுச்சீட்டு வாங்குங்கள். அவர் பெயர் பதிவில் உள்ளதா என்று முதலில் பாருங்கள். பிழை நடந்தால் முதலில் அந்த அலுவலகத்துக்கே எழுத்தில் முறைப்பாடு கொடுங்கள். எட்டு வாரத்தில் தீராவிட்டால் சட்ட ஒம்புட்ஸ்மனிடம் போகலாம். ஒரு வருடத்துக்கு மேல் பிந்த வேண்டாம். பணத்தை எடுத்தார், பொய் சொன்னார் என்றால் சொலிசிட்டர்களை ஒழுங்குபடுத்தும் எஸ்.ஆர்.ஏ.யிடம் எழுதுங்கள்.

அறுநூறு வருடத்துக்கு மேலாக அந்த ஏடு இருக்கிறது. ஆனால் ஒருவர் எழுதிக் கொடுத்தால்தான் அதில் எந்தப் பெயரையும் தேடிப் பார்ப்பார்கள். நான் அன்று அத்தானை மறிக்காமல், அந்தக் கடிதத்தை எழுதிக் கொடுத்திருக்க வேண்டும். உங்கள் வீட்டில் யாராவது எழுத நினைத்தால், தயவுசெய்து மறிக்காதீர்கள்.

அடுத்த மாதம் இன்னொரு உரையுடன் சந்திப்போம்.