மன்னாரின் கேலிமொழியும் வரலாறும்

தமிழர் குடும்பங்களிற் கேலிக்கும் ஓர் இலக்கணம் உண்டு. தந்தையிடம் கேலி பேசுதல் முறையன்று. மாமியாரிடம் பேசத் துணிவோர் அரியர். மச்சானிடமும் மச்சாளிடமும் தாராளமாகப் பேசலாம். பேசாது விட்டால் அவர்களுக்கே மனத்தாங்கல் உண்டாகும். இருபது ஆண்டுகளுக்கு முன் நிகழ்ந்த ஒரு சறுக்கலைத் திருமண வீடுதோறும் எடுத்துரைத்துச் சிரிப்பது இவ்வுறவின் உரிமை. வழிப்போக்கரை எவரும் இங்ஙனம் கேலி செய்வதில்லை. உறவென்று ஏற்றுக்கொண்ட பின்னரே கேலி பிறக்கிறது.

இதனை மனத்திற்கொண்டு மன்னார்த் தீவை நோக்குவோர்க்கு ஓர் உண்மை புலனாகும். அம்மக்கள் நாள்தோறும் கண்டு நகைக்கும் பொருள்களுட் பல, கடல் கடந்து வந்தவை.

முதலிற் கூறத்தக்கது கழுதை. 'மன்னார்க் கழுதை' என்பது பிறவூரார் மன்னாரார் மீது எறியும் பழைய ஏளனச் சொல். அராபிய வணிகர் தம் பொதிகளைச் சுமப்பதற்காக இவ்விலங்கைக் கொண்டுவந்தனர் என்பது வழிவழி வரும் செய்தி. பின்னர் லொறிகள் வந்தன. கழுதைக்கு வேலை போயிற்று. ஆயினும் அது ஊரை விட்டுப் போகவில்லை. கட்டாக்காலியாய்த் தெருவின் நடுவே நின்று, ஊர்திகள் எழுப்பும் ஒலியைச் சங்கீதம் கேட்பதுபோற் கேட்டுக்கொண்டிருக்கும். கழுதைக்குக் கற்பூர வாசனை தெரியாதென்று பழமொழி பழிக்கிறது. உப்பையும் கருவாட்டையும் அதன் முதுகில் ஏற்றியவர்களுள் எவர் அதற்குக் கற்பூரத்தை முகரக் கொடுத்தனர் என்பதைப் பழமொழி கூறவில்லை! அண்மை ஆண்டுகளில் மன்னாரிற் கழுதைகளுக்கென்றே ஒரு மருத்துவ நிலையம் அமைந்துள்ளது.

பள்ளிமுனையில் நிற்கும் பெருக்கமரமும் அத்தகையதே. ஆப்பிரிக்காவைத் தாயகமாகக் கொண்ட இம்மரத்தையும் அராபியரே கொணர்ந்தனர் என்பர். உயரம் ஏறத்தாழ ஏழரை மீற்றர். அடிமரத்தின் சுற்றளவோ பத்தொன்பது மீற்றருக்கு மேல். விருந்து உண்டு எழ மாட்டாத பெரியப்பாவைக் குழந்தைகள் பார்க்கும் பார்வையே இம்மரத்தைக் காண்போர்க்கும் வருகிறது. அதன் பெயரிலும் அந்நகைப்பின் ஒலி இருப்பதாகத் தோன்றுகிறது.

ஆயினும் இவை எல்லாவற்றினும் சுவை மிக்கது, தீவுக்குத் தெற்கே பெருநிலக் கரையில் அரிப்பு என்னும் ஊரில் இடிந்து நிற்கும் மாளிகையின் கதை. ஆங்கிலேயரின் முதல் தேசாதிபதியான பிரெடெரிக் நோர்த், 1801ஆம் ஆண்டு தொடங்கி 1804ஆம் ஆண்டளவில் இதனைக் கட்டுவித்தார். முத்துக்குளிப்பை மேற்பார்வையிட வருங்காலத்தில் தங்குவதற்கென அமைந்த மாளிகை அது. கிரேக்கரின் டோரிக் பாணித் தூண்களை உடைமையின், ஆங்கிலேயர் அதனை 'டோரிக்' என்றே அழைத்தனர். அக்காலத்து முத்துக்குளிப்பில் அரசாங்கத்திடம் ஊதியம் பெற்றோருள் ஒருவர் 'கடல்கட்டி'; மந்திரத்தாற் சுறாவின் வாயைக் கட்டுபவர். அவர் கரையில் நின்றாலன்றிக் குளியாளர் கடலில் இறங்கார். ஆதலின் மந்திரத்தை நம்பாத ஆட்சியும் மந்திரவாதிக்குச் சம்பளம் எழுதிற்று.

1906இல் ஆங்கிலேயக் கம்பெனி ஒன்று ஆண்டுக்கு 3,10,000 ரூபா இறுப்பதாக இப்பார்களை இருபது ஆண்டுக் குத்தகைக்கு எடுத்தது. 1907க்குப் பின் சிப்பி வளம் குன்றிப்போகக் கம்பெனி கலைந்தது. சிப்பிகள் ஒப்பந்தத்திற் கையெழுத்திடவில்லை அல்லவா? நோர்த்தின் மாளிகையையும் கடல் சிறிது சிறிதாக அரித்தது. ஊரார் அவர் பெயரை மறந்து, அவ்விடிபாட்டுக்கு 'அல்லிராணி கோட்டை' என்று பெயரிட்டனர். கதையில் வரும் அல்லி, ஆடவர் முகத்தில் விழிக்க விரும்பாத அரசி. குதிரைமலைக் கரையில் இருந்து முத்துக்கடலை ஆண்டவள் என்பது இலங்கை வழக்கு. நோர்த் இறுதிவரை மணம் புரியாதவர். ஆடவரை வெறுத்தவளுக்கு மணமாகாதவரின் வீட்டை எழுதிக்கொடுத்த குறும்பு அறியாது நேர்ந்ததே எனினும், எந்த மச்சானும் இதனினும் நயமான கேலி பேசியிருக்க முடியாது. வரலாறு கற்பிப்போர் இப்பெயரைப் பிழையென்று திருத்துவர், திருத்தட்டும். பெயரை மட்டும் அழித்துவிட வேண்டா.

கேலிக்கு இருவர் வேண்டும்: சொல்பவர் ஒருவர், சிரிப்பவர் ஒருவர். 1990 அக்டோபர் இறுதியில் வடமாகாண முஸ்லிம்களை விடுதலைப் புலிகள் வெளியேற்றியபோது, எருக்கலம்பிட்டி, தாராபுரம் முதலிய மன்னார்த்தீவு ஊர்கள் சில நாட்களில் வெறுமையாயின. கையில் எடுத்ததைக் கொண்டு பலர் படகேறிக் கற்பிட்டிக் கரையை அடைந்தனர். கழுதையையும் பெருக்கமரத்தையும் கொணர்ந்தவராக ஊர்க்கதை கூறும் வணிகரின் வழித்தோன்றல்களும் அவர்களுள் இருந்தனர். பல நூற்றாண்டு அடுத்தடுத்து வாழ்ந்த வீடுகளிற் பேச ஒருபுறமும் சிரிக்க மறுபுறமும் இல்லாமற் போயிற்று. போர் முடிந்த 2009க்குப் பின்னர்ச் சிலர் திரும்பினர். சிலர் புத்தளத்திலேயே வேரூன்றிவிட்டனர். அவர்தம் பிள்ளைகள் பலருக்கு மன்னார், பாட்டிமார் சொல்லும் கதைகளில் மட்டுமே உள்ள ஊர்.

புத்தளத்திலும் கற்பிட்டியிலுங்கூடக் கட்டாக்காலிக் கழுதைகள் உண்டு.