எலுமிச்சம்பழக் கல்யாணம்

கடந்த தை மாதம் என் அக்காவின் பேத்திக்குக் கல்யாணம் நல்லபடியாக நடந்தது. நிச்சயதார்த்தம் முடிந்த பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை பாளையங்கோட்டையில் அக்கா வீட்டில் எல்லோரும் கூடியிருந்தோம். மண்டபம் பேசியாயிற்று, சமையலுக்கும் ஆள் சொல்லியாயிற்று. மேடை அலங்காரம் மட்டும்தான் பாக்கி.

பேத்தி பெங்களூரில் வேலை பார்க்கிறாள். செல்போனை எடுத்து வந்து என் பக்கத்தில் உட்கார்ந்து, "தாத்தா, இதுதான் எங்க தீம். சிட்ரஸ் தீம்" என்றாள். நீள நீள மேஜைகளில் இலையோடு மஞ்சள் எலுமிச்சம்பழங்கள், அவற்றுக்கு நடுவே நீலமும் வெள்ளையுமான தட்டுகள். வாசல் வளைவில் பூவுக்குப் பதிலாகக் கொத்துக் கொத்தாகப் பழம் தொங்குகிறது. பார்க்க அழகாகத்தான் இருந்தது.

அக்காவின் கொழுந்தனார் எட்டிப் பார்த்துவிட்டு, "எலுமிச்சம்பழ மாலைன்னா காளி கோயிலுக்குல்லா போடுவாங்க? கல்யாணத்துக்கு ஆரும்மா போடுவா?" என்றார். எல்லோரும் சிரித்தோம். அவர் அதோடு நிறுத்தியிருக்கலாம். "நம்ம குடும்பத்துல ஏற்கனவே ஒரு எலுமிச்சம்பழக் கல்யாணம் நடந்தாச்சு" என்றும் சொல்லிவிட்டார். அக்கா ஒன்றும் பேசாமல் எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டாள்.

"அது என்ன தாத்தா?" என்று பேத்தி கேட்டாள். "அப்புறம் சொல்லுதேன்" என்று சமாளித்தேன். அவளுக்கு அன்று சாயங்காலம் சொன்னதையும், அதற்குப் பிறகு நான் தேடிப் படித்ததையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

முதலில் அந்தப் படங்களின் கதை. அவை இத்தாலியின் அமால்ஃபி கடற்கரைப் பாணி. அங்கே மலைச்சரிவுகளில் படிப்படியாகத் தோட்டம் போட்டு எலுமிச்சை வளர்க்கிறார்கள். நம் ஊர்ப் பழம் போல உருண்டையாக இருக்காது. இரண்டு முனையும் கூம்பி, கை நிறையும் அளவுக்குப் பெரிதாக இருக்கும். அங்கே போய்க் கல்யாணம் செய்துகொள்ளும் வசதி படைத்தவர்களின் படங்களைப் பார்த்து, உலகமெங்கும் பெண்கள் அதே போல வேண்டும் என்கிறார்கள்.

ஆனால் அந்த மரம் இத்தாலிக்குச் சொந்தமானது அல்ல. எலுமிச்சை, நாரத்தை, ஆரஞ்சு வகைகளின் பூர்வீகம் நம் ஆசியாதான். இமயமலை அடிவாரத்தில் அசாம், மியான்மர், யுன்னான் பக்கம் என்று விஞ்ஞானிகள் சொல்கிறார்கள். இங்கிருந்து பாரசீகம் போய், அங்கிருந்து அரேபியர் கையில் சிசிலிக்கும் ஸ்பெயினுக்கும் போய்ப் பரவியது. பெயரும் கூடவே போயிற்று. ஆங்கிலத்தில் ஆரஞ்சு, ஸ்பானியத்தில் நராஞ்சா, அரபியில் நாரஞ்ச், பாரசீகத்தில் நாரங், சமஸ்கிருதத்தில் நாரங்கம். இந்தச் சங்கிலியின் அடியில் இருப்பது ஒரு திராவிடச் சொல் என்பது மொழியறிஞர் பலரின் கருத்து. நம் வீட்டு ஊறுகாய் ஜாடியில் கிடக்கும் நாரத்தங்காயும் அதே குடும்பத்துச் சொல்தான். ஆக, பேத்தி செல்போனில் இறக்குமதி செய்தது ஒரு காலத்தில் இந்தப் பக்கத்திலிருந்து ஏற்றுமதியான சரக்கு!

கல்யாணத்துக்கும் இந்த மர வகைக்கும் உள்ள உறவில் மிகப் பிரபலமானது விக்டோரியா மகாராணியின் கல்யாணம். 1840 பிப்ரவரி 10ஆம் தேதி லண்டன் செயின்ட் ஜேம்ஸ் அரண்மனையைச் சேர்ந்த தேவாலயத்தில் அவருக்கும் ஆல்பர்ட்டுக்கும் திருமணம் நடந்தது. வெள்ளைப் பட்டு உடை, ஹானிட்டன் வகை லேஸ். தலையில் கிரீடத்துக்குப் பதிலாக ஆரஞ்சுப் பூவால் ஆன ஒரு வளையம். அதற்கு முன்பும் ஐரோப்பாவில் மணப்பெண்கள் ஆரஞ்சுப் பூ சூடியது உண்டு. மகாராணியே சூடியதும் அது ஊர் வழக்கமாகிவிட்டது.

ஏன் ஆரஞ்சுப் பூ? அந்த மரத்தில் பூவும் காயும் பழமும் ஒரே சமயத்தில் இருக்கும். பூவின் வெள்ளை தூய்மைக்கும், கிளையின் பழம் பிள்ளைப் பேற்றுக்கும் அடையாளம். ஆல்பர்ட் இதை நன்றாக உணர்ந்தவர். நிச்சயமான 1839லேயே ஆரஞ்சுப் பூக் கொத்து வடிவில் ஒரு நகை அனுப்பினார். பிறகு வரிசையாக அதே வடிவத்தில் நகைகள். 1846ஆம் ஆண்டு மணநாளுக்குக் கொடுத்த தலை வளையத்தில், பூக்களுக்கு நடுவே பச்சை எனாமலில் நான்கு குட்டி ஆரஞ்சுக் காய்கள் வைத்திருந்தார். அப்போது அவர்களுக்குப் பிள்ளைகள் நான்கு பேர்! அரண்மனையோ குடிசையோ, ஒரு புருஷன் யோசித்துச் செய்த காரியம் என்ற வகையில் எனக்கு அது மிகவும் பிடித்துவிட்டது.

இங்கிலாந்தின் குளிரில் நிஜ ஆரஞ்சுப் பூவுக்கு எல்லோரும் எங்கே போவது? பணக்காரர்களிடம் கண்ணாடி வீடு இருந்தது. மற்றவர்கள் மெழுகில் செய்த பூவை வாங்கிச் சூடிக்கொண்டார்கள். மெழுகுப் பூ வாடாது, பெட்டியில் பத்திரமாக வைக்கலாம். மணம் மட்டும் இருக்காது. பாளையங்கோட்டையில் என் கிறிஸ்தவ நண்பர்கள் வீட்டுச் சுவரில் தொங்கும் பழைய கல்யாணப் படங்களில், மணப்பெண் நெற்றிக்கு மேலே ஒரு வெள்ளைப் பூ வளையம் இருக்கும். அது எந்த ஊரில் தொடங்கிய வழக்கம் என்று நான் அந்நாளில் யோசித்ததே இல்லை.

பழத்தில் பிள்ளை வரம் பார்ப்பது அவர்களுக்கு மட்டும் உரியதல்ல. விழுப்புரம் மாவட்டம் திருவெண்ணெய்நல்லூர் அருகே ஒரு முருகன் கோயிலில், பங்குனி உத்திர விழாவின்போது வேலில் செருகிய எலுமிச்சம்பழங்களை ஏலம் விடுவார்கள். பிள்ளை வேண்டும் தம்பதிகள் போட்டி போட்டு எடுப்பார்கள். 2024ல் 9 பழங்கள் 2 லட்சம் ரூபாய்க்கு மேல் போனதாகப் பத்திரிகையில் படித்திருப்பீர்கள்.

நம் கல்யாணங்களிலும் எலுமிச்சை உண்டு. ஆனால் நாம் அதைத் தோரணமாகக் கட்டுவதில்லை. மாப்பிள்ளை கையில் கொடுக்கும் சிறு கத்தியின் நுனியில் செருகுவோம், கண்ணேறு படாமல் இருக்க. கார் புறப்படும்போது சக்கரத்தின் அடியில் வைப்போம். பெரிய மனிதர் யாராவது மண்டபத்துக்கு வந்தால், பன்னீர் தெளித்து, சந்தனம் கொடுத்து, கையில் ஒரு எலுமிச்சம்பழத்தை வைத்து வணங்குவோம். கொழுந்தனார் சொன்னது போல, மாலையாகக் கோத்தால் அது துர்க்கைக்கும் காளிக்கும்தான். மனிதருக்கு என்றால் கையிலிருந்து கைக்குத்தான் போக வேண்டும்.

இந்தக் கை எலுமிச்சைக்கு எங்கள் அரசாங்க உத்தியோகத்திலும் ஒரு சரித்திரம் உண்டு. கம்பெனி ஆட்சியின் தொடக்கத்தில் வெள்ளைக்கார அதிகாரிகள் நவாப்புகளிடமும் ஜமீன்தார்களிடமும் பரிசு என்ற பெயரில் வாங்கிக் குவித்தது ஊரறிந்த கதை. 1773ஆம் ஆண்டின் ஒழுங்குமுறைச் சட்டம் அதைத் தடை செய்தது. ஆனால் பெரியவரை வெறுங்கையோடு பார்ப்பது நம் நாட்டில் வழக்கமில்லையே! மதிப்பில்லாத பூவும் பழமும் மட்டும் விதிவிலக்காக நின்றன. ஜனவரி முதல் தேதி காலையில் தாசில்தாரையும் கலெக்டரையும் பார்க்க, ஆளுக்கு ஒரு எலுமிச்சம்பழத்தோடு வரிசையில் நிற்பது நான் வேலையில் சேர்ந்த பிறகும் இருந்தது. சில அதிகாரிகளின் மேஜையில் மத்தியானத்துக்குள் ஒரு கூடை பழம் சேர்ந்துவிடும். லஞ்சம் என்று யாரும் சொல்ல முடியாது, மரியாதை இல்லை என்றும் சொல்ல முடியாது. அதுதான் அந்தப் பழத்தின் பெருமை.

இனி 1966க்கு வருகிறேன்.

என் அப்பா சங்கரன்கோவிலில் தாலுகா ஆபீஸ் குமாஸ்தா. அக்கா கல்யாணம் அந்த வருஷம். அரிசித் தட்டுப்பாடு கடுமையாக இருந்த காலம். பந்திக்கு அரிசி சேர்ப்பதற்குள் அப்பாவுக்குப் பாதி உயிர் போய்விட்டது. எதிர்பார்த்த கடன் பணம் கைக்கு வரவில்லை. தாம்பூலப் பைக்கு 400 தேங்காய் வேண்டும், வாங்க வழியில்லை. புளியங்குடிப் பக்கம் தோட்டம் வைத்திருந்த ஒரு சிநேகிதர் இரண்டு சாக்கு எலுமிச்சம்பழம் அனுப்பிக் கொடுத்தார். இன்று அந்த ஊரை எலுமிச்சை நகரம் என்கிறார்கள். மஞ்சள் பையில் வெற்றிலை பாக்கோடு எலுமிச்சம்பழம் போட்டுக் கொடுப்பது என்று அப்பா முடிவு செய்தார்.

பை கொடுக்கும் மேஜையில் என்னை நிறுத்தியிருந்தார்கள். எனக்குப் பதின்மூன்று வயது. மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர் ஒருவர் பையைத் தடவிப் பார்த்துவிட்டு, "என்னடே, தேங்காய் வைக்கலியா?" என்று கேட்டார். எல்லாம் தெரிந்தவன் மாதிரி நான் உரக்கச் சொன்னேன்: "தேங்காய்க்கு ரூவா பத்தலன்னு அப்பா சொன்னாங்க."

அப்பா ஓடி வந்தார். "அப்படியில்ல அண்ணாச்சி. பெரியவங்களுக்கு எலுமிச்சம்பழம்தான் மரியாதை. கலெக்டருக்கே நாங்க அதைத்தான் கொடுக்கோம்" என்றார். அந்தப் பெரியவர், "கலெக்டருக்குச் சம்பளம் வருது. எங்க வீட்டுல சட்னி அரைக்க வேண்டாமா?" என்றார். சுற்றி நின்றவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். அப்பாவும் சிரித்தார். அந்தச் சிரிப்பு இன்றைக்கும் என் கண்ணில் நிற்கிறது.

அன்றிலிருந்து அது எலுமிச்சம்பழக் கல்யாணம். அக்கா புகுந்த வீட்டில் தீபாவளிக்குத் தேங்காய் உடைத்தாலும் அந்தப் பேச்சு வரும், யார் வீட்டுக் கல்யாணத்துக்குப் போய்விட்டு வந்தாலும் வரும். அத்தான் நல்ல மனிதர், அவர் ஒரு நாளும் சொன்னதில்லை. மற்றவர்கள் சொல்லாமல் விட்டதில்லை. அப்பா 1981ல் காலமானார். என் வாயால் வந்த வினை என்று நான் அவரிடமும் சொன்னதில்லை, அக்காவிடமும் சொன்னதில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அக்காவிடமும் பேத்தியிடமும் எல்லாவற்றையும் சொன்னேன். எனக்குத் தொண்டை அடைத்தது. அக்கா அமைதியாகக் கேட்டுவிட்டு, "நீ சொல்லாட்டா மட்டும் தெரியாமலா போயிருக்கும்? பையத் திறந்தா பழம்தானல இருக்கும்?" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, "அப்பா சொன்னது நெசம்தான். அதைத்தான் ஒருத்தரும் காதுல வாங்கல" என்றாள்.

பேத்தி கலங்கிப் போய், "வேண்டாம் ஆச்சி, வேற தீம் வச்சுக்கிடுதேன்" என்றாள். அக்கா விடவில்லை. "நீ ஆசைப்பட்டதை வை. ஆனா பழத்தைக் கட்டித் தொங்க விடாதே. உருளியில வச்சு, வர்றவங்க கையில ஒண்ணு ஒண்ணாக் கொடுங்க. பையில தேங்காயும் இருக்கட்டும்!" என்றாள்.

கல்யாணத்தில் இரண்டும் நடந்தன. போட்டோ எடுக்கும் வளைவில் அலங்காரக்காரர் பிளாஸ்டிக் பழங்களைத்தான் கட்டியிருந்தார். நிஜப் பழத்தைக் கம்பியில் குத்தினால் சாறு சொட்டும், சாறு பட்டால் மார்பிள் தரை வெளுத்துப் போகும், மண்டபத்துக்காரர் முன்பணத்தில் பிடித்துவிடுவார் என்றார். அவர் சொல்வதும் நியாயம்தான். அக்கா அந்த வளைவை அண்ணாந்து பார்த்து, "பாவம், மணமே இல்லையே" என்று மட்டும் சொன்னாள். எனக்கு விக்டோரியா காலத்து மெழுகுப் பூ ஞாபகம் வந்தது.

வாசலில் பெரிய வெண்கல உருளி நிறைய நிஜ எலுமிச்சை, புளியங்குடியிலிருந்து வரவழைத்தது. முகூர்த்தத்துக்கு முன்னே ஒரு மணி நேரம் அக்கா அங்கே நாற்காலி போட்டு உட்கார்ந்து, வந்தவர்கள் கையில் ஒவ்வொரு பழமாக வைத்தாள். அவளுக்கு எழுபத்தொன்பது வயது. போதும், எழுந்து வா என்றால் கேட்கவில்லை. கொழுந்தனார் வந்தபோது அவருக்கும் ஒன்று கொடுத்தாள். அவர் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். அன்று அவர் ஒன்றும் சொல்லவில்லை.

மிஞ்சிய பழத்தை ஊறுகாய் போட்டு எனக்கும் ஒரு பாட்டில் கொடுத்தனுப்பினாள் அக்கா. இன்னும் பாதி இருக்கிறது.

உங்கள் வீட்டுக் கல்யாணங்களில் தாம்பூலப் பையில் தேங்காய்க்குப் பதில் வேறு ஏதாவது கொடுத்த அனுபவம் உண்டா? இருந்தால் எழுதுங்கள். கொடுத்தது என்ன என்பதோடு, கொடுத்தவர் என்ன நினைத்துக் கொடுத்தார் என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.