கடுக்காய்க் கறையும் பாரசீகக் கம்பளமும்

1/
கல்வராயன் மலையில் வெள்ளிமலைப் பக்கத்திலிருந்து ஒரு பாட்டி ஓபிக்கு வந்தாங்க. இருமல்தான் பிரச்சனை. ஆனா என் கண்ணு போனது விரல்கள் மேல. பத்து விரல் நுனியும் கருகருன்னு இருந்துச்சு.

2/
ரத்த ஓட்டம் குறைஞ்சிருக்குமோன்னு பதறிட்டேன். தொட்டுப் பார்த்தா விரல் சூடாத்தான் இருக்கு, நாடி நல்லா துடிக்குது, வலியும் இல்லை. கேட்டதும் சிரிச்சாங்க. "கடுக்கா ஒடைச்சேன் சாமி. இரும்பு பட்டா இப்படித்தான் கறுக்கும்."

3/
அந்தக் கறை வெறும் அழுக்கு இல்லைங்க. கடுக்காயின் துவர்ப்புக்குக் காரணம் டானின். அது இரும்போடு சேர்ந்தா கறுப்பு. நம்ம கலம்காரி துணியில் கறுப்புக் கோடு விழுவதும் இதே வேதியியல்தான்: துணியைக் கடுக்காயில் ஊறவைத்து, வெல்லத்தோடு புளிக்கவைத்த இரும்புக் கரைசலால் வரைவாங்க.

4/
இதே வேதியியல் பாரசீகக் கம்பளத்திலும் உண்டு. அங்கே கடுக்காய்க்குப் பதில் மாதுளைத் தோல், அக்ரூட் தோடு, மாசிக்காய். பழைய கம்பளத்தைத் தடவிப் பாருங்க, கறுப்பு, பழுப்பு நிற இடங்கள் மட்டும் பள்ளமாயிருக்கும். இரும்பு அந்தக் கம்பளி இழையை மெல்ல மெல்ல அரித்திருக்கும்.

5/
சிவப்பு எப்படி வந்தது? பாரசீகத்தில் ரூபியா செடியின் வேர். நாட்டு மருந்துக்கடை மஞ்சிட்டிக்கு நெருங்கின சொந்தம். நம்ம கடற்கரையில் சாயவேர். சித்த மருத்துவத்தில் அதுக்குப் பேர் இம்பூரல். ரெண்டு செடியும் காப்பிச் செடியின் குடும்பம். ரெண்டு வேரிலும் இருப்பது அலிசரின் என்ற ஒரே சிவப்புப் பொருள்.

6/
ஆனா சாயம் இருந்தா மட்டும் போதாது, அது இழையைப் பிடிக்கணும். கம்பளி புரதம், படிகாரம் அதில் நேராக ஒட்டும், படிகாரத்தில் சாயம் ஒட்டும். பருத்தி அப்படி இல்லை. அதுக்கு நடுவில் ஒரு கைப்பிடி வேணும். அந்தக் கைப்பிடிதான் கடுக்காய். 17-ஆம் நூற்றாண்டில் சோழமண்டலக் கரையின் சாயத்துணி பாரசீகத்துக்கே கப்பலேறியது. துவைத்தாலும் போகாத சிவப்புன்னு அதுக்குப் பேர்.

7/
ஒரு மருத்துவத் துணுக்கு. 1736-இல் லண்டன் அறுவை மருத்துவர் ஜான் பெல்சியர், துணிச்சாயத் தொழில் செய்பவர் வீட்டில் விருந்து சாப்பிட்டார். தட்டிலிருந்த பன்றியின் எலும்பு சிவப்பு! ரூபியா வேர் கலந்த தவிட்டைத் தின்ற பன்றி அது. அலிசரின் கால்சியத்தைப் பிடித்துக்கொள்ளும். எலும்பு எப்படி வளருதுன்னு ஆராய அதுவே வழியாச்சு. இன்னைக்கும் ஆய்வகத்தில் கால்சியத்தைக் காட்ட அலிசரின் சிவப்புதான்.

8/
நீலத்துக்குப் பதில் அவுரி. 'இண்டிகோ' என்ற பேரே 'இந்தியாவிலிருந்து வந்தது' என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து பிறந்தது. கள்ளக்குறிச்சி அன்று சேர்ந்திருந்த தென்னாற்காடு மாவட்டம் அவுரிக்குப் பேர்போனது. திண்டிவனம் பக்கம் இன்னும் மிச்சமிருக்கு.

9/
பிறகு ஆய்வகம் வந்தது. 1856-இல் 18 வயது பெர்க்கின் மலேரியாவுக்குக் குயினைன் செய்யப் போய், ஊதாச் சாயத்தைக் கண்டுபிடித்தார். 1868-இல் செயற்கை அலிசரின். 1897-இல் செயற்கை அவுரி சந்தைக்கு வந்தது. சாயவேர் தோண்டியவங்களும் அவுரி விதைத்தவங்களும் பிழைப்பை இழந்தாங்க. சீக்கிரம் வெளுக்குதுன்னு ஈரான் அரசு அனிலின் சாயத்துக்குத் தடையே போட்டது.

10/
செயற்கைச் சாயத்தைத் திட்டவும் எனக்கு மனசில்லை. கிருமியைப் பிரித்துக் காட்டும் கிராம் சாயமும், முதல் சல்ஃபா மருந்தான புரோன்டோசிலும் அந்த வழியில் வந்தவைதான். ஒரு கை பறித்தது, இன்னொரு கை உயிர் கொடுத்தது.

11/
வீட்டில் பழைய கம்பளமோ சாயத்துணியோ இருந்தா:
• ஈர வெள்ளைத் துணியால் ஓர் ஓரத்தை ஒத்துங்க. சாயம் ஒட்டினா வீட்டில் துவைக்காதீங்க.
• பிளீச்சிங் வேண்டவே வேண்டாம். கம்பளியையே கரைச்சிடும்.
• நேர் வெயில் ஆகாது. 1539-40-இல் முடிக்கப்பட்ட அர்தபில் கம்பளத்துக்கு லண்டன் அருங்காட்சியகத்தில் அரை மணிக்கு ஒருமுறை பத்து நிமிடம் மட்டுமே விளக்கு!
• மடிக்காம சுருட்டி வைங்க. அப்பப்ப விரித்து ரெண்டு பக்கமும் தூசு எடுங்க.
• அந்துருண்டையைக் குழந்தைகள் கைக்கு எட்ட வைக்காதீங்க. ஜி6பிடி குறைபாடு உள்ள பிள்ளைகளுக்கு அது ரத்த அணுக்களையே உடைச்சிடும்.

12/
அர்தபில் கம்பளத்தில் ஒரு கைவினைஞர் பேரும் ஆண்டும் நெய்யப்பட்டிருக்கு. நம்ம சாயத்துணிக்கு விற்றவர் கணக்கு உண்டு, வாங்கியவர் கணக்கு உண்டு. கல்வராயன், சேர்வராயன், கொல்லிமலைன்னு காடுகாடா ஏறி, கடுக்காய் பொறுக்கி, கொட்டை நீக்கி, மூட்டை கட்டி இறக்கினவங்க பேர் எதிலும் இல்லை.

13/
ஏமாத்திட்டா 'கடுக்காய் கொடுத்துட்டான்'னு சொல்லுவோம். உலகத்துக்கே நிறம் நிற்கக் கடுக்காய் கொடுத்தவங்களுக்கு, உலகம்தான் கடுக்காய் கொடுத்திருக்கு.

14/
பாட்டிக்குச் சளிப் பரிசோதனை எழுதினேன். காசநோய் இல்லைன்னு வந்துச்சு. மறுவாரம் வந்தப்போ கறை வெளிறிப்போய் இருந்துச்சு. "அடுத்த வருசம் மறுபடி கறுக்கும்"னாங்க. மலையிலிருந்து வரும் நோயாளியின் விரல் கறுத்திருந்தா, இப்பல்லாம் பதறுவதற்கு முன்னாடி ஒரு கேள்வி கேட்கிறேன்: "கடுக்காய் நல்லா காய்ச்சிருக்கா?"