கண்ணாடித் துண்டும் படுகளமும்

மெய்நிகர் நடனத்துக்கு உடை தைப்பது யார்? அரங்கம் போடுவது யார்? எல்லாம் கணினி பார்த்துக்கொள்ளும் என்கிறார்கள். நெய்வேலியில் உட்கார்ந்து யோசிக்கிறவனுக்கு இந்தப் பதில் போதவில்லை.

பழைய தென்னார்க்காட்டுத் தெருக்கூத்தில் வேடம் போடுவதில்லை, கட்டுகிறார்கள். கிரீடம், புஜக்கட்டை, மார்ப்பதக்கம் எல்லாம் லேசான மரம். மேலே வண்ணக் காகிதமும் கண்ணாடித் துண்டுகளும். பெட்ரோமாக்ஸ் வெளிச்சம் அதில் பட்டுச் சிதறும்போது, பகலெல்லாம் உழைத்துக் களைத்த உடம்பு ராஜாவாக விரிகிறது. விடியும்வரைக்குமாவது அதிகாரத்தை எடுத்து உடுத்திக்கொள்கிறது. அரங்கம் என்று தனியாக என்ன இருக்கிறது? இரண்டு பேர் பிடிக்கிற ஒரு திரை. மிச்சமெல்லாம் மண். பாரதக்கூத்தின் முடிவில் அந்த மண்ணைக் குழைத்தே துரியோதனனைப் படுக்கப் போடுகிறார்கள். படுகளத்தில் அரங்கமும் பாத்திரமும் ஒரே மண்தான்.

1935இல் அடையாறில் ருக்மிணி தேவி சதிரை ஆடியபோது உடையும் மேடையும் ஒளியும் புதிதாக வடிவமைக்கப்பட்டன. பரதநாட்டியம் கௌரவம் பெற்றது. தலைமுறையாக ஆடிவந்த தேவதாசி உடம்புகளோ மெல்ல மேடைக்கு வெளியே போயின. பொட்டுக்கட்டுவதை 1947இல் சட்டம் தடுத்தது அவசியமானதே. ஆனால் ஆட்டத்தை வைத்துக்கொண்டு ஆடியவளை மறந்தது தனிக்கதை.

இதே பிரிப்பை மெய்நிகர் தொழில்நுட்பம் கச்சிதமாகச் செய்கிறது. அசைவைப் பதிவுசெய்ய, ஆடுபவர் உடம்போடு ஒட்டிய உடுப்பு அணிகிறார். அதில் ஒளியைத் திருப்பியனுப்பும் சின்ன உருண்டைகள். கட்டையின் கண்ணாடி சனத்தைப் பார்த்து மின்னியது. இந்த உருண்டை கேமராவைப் பார்த்து மட்டும் மின்னுகிறது. உடம்பு புள்ளிகளாகிவிடுகிறது. துணி பிறகு வருகிறது, முக்கோணங்களாலான வலையாக. இரண்டு கண்ணுக்கும் தனித்தனிப் படம், நொடிக்குப் பலமுறை என்பதால் முக்கோணம் கூடக்கூடக் கணினி திணறும். விசிறி மடிப்பைக் குறை என்பார்கள். அழகியல் தீர்ப்பாகச் சொல்லப்படுவது பல சமயம் இந்தக் கணக்குத்தான்.

வேறு வழியும் உண்டு. கனடாவின் பான்ஃப் மையத்தில் 1994இல் டயான் குரோமலாவும் யாகோவ் ஷரீரும் ஒரு மெய்நிகர் நடனம் செய்தார்கள். குரோமலாவின் சொந்த உடலை எடுத்த ஸ்கேன்தான் அதில் அரங்கம். உடலைத் தந்தவளே அதை வடிவமைத்தவள். படுகளத்துக்குக் கொஞ்சம் பக்கத்தில் வருகிறது இது.

கூத்தாடியின் அடவை நாளை யாரோ பதிவுசெய்வார்கள். அந்தப் புள்ளிகள் யாருக்குச் சொந்தம்? இங்கே இது தத்துவக் கேள்வி இல்லை. 1956இல் நெய்வேலி நிறுவனம் உருவானது. பழுப்பு நிலக்கரிக்காக மேல்மண் அள்ளப்பட்டது. ஊர்கள் எழுந்து போயின. 2023 ஜூலையில் கால்வாய் வெட்ட, வளையமாதேவியில் நின்ற பயிர்மீதே இயந்திரங்கள் இறங்கின. மெய்நிகர் அரங்குக்கு மண் வேண்டாமாம். அது ஓட மின்சாரம் வேண்டுமே, அதற்கு?

மண்ணுக்குக் கேட்ட கேள்வியை அசைவுக்கும் இப்போதே கேட்டுவைப்போம்: கொடுத்தவன் பேர் எங்கே, பங்கு எங்கே, வேண்டாம் என்று சொல்லும் உரிமை எங்கே?