எல்லையூருக்கு உலக சினிமா: சத்தியவேட்டை முன்வைத்து ஒரு தேர்வு முறை

1. களம்

1960 ஏப்ரல் 1ஆம் தேதி வரை சத்தியவேடு, சென்னை மாநிலத்துச் செங்கல்பட்டு மாவட்டத்தில் இருந்தது. எல்லைத் தகராறு பற்றிய படாஸ்கர் பரிந்துரையை ஒட்டி வந்த எல்லை மாற்றச் சட்டத்தால் திருத்தணி தமிழகத்துக்கு வந்தது, சத்தியவேடு ஆந்திரத்துக்குப் போனது. முதலில் சித்தூர் மாவட்டம், 2022 முதல் திருப்பதி மாவட்டம். ஆவணம் மாறினாலும் தமிழ்க் குடும்பங்களின் வீட்டுப் பேச்சு மாறவில்லை. அலுவலகத்தில் தெலுங்கு, அடுப்படியில் தமிழ், கடைத்தெருவில் இரண்டும் கலந்து.

சினிமா பற்றிய ஆய்வுக்கு இது முக்கியமான செய்தி. இரு மொழிப் படங்களும் ஓடும் வட்டாரத்தில் வளர்ந்தவருக்கு, வசனம் முழுவதும் பிடிபடாவிட்டாலும் முகத்தையும் கையசைவையும் பார்த்துக் கதையைப் பிடித்துக்கொள்ளும் பழக்கம் தானாக வந்துவிடுகிறது. உலக சினிமாவுக்கு வேண்டிய முதல் தகுதியே அதுதான். ஆகவே இவ்வூருக்கு வெளிநாட்டுப் படங்களைப் புதுச் சரக்காக அறிமுகம் செய்ய வேண்டியதில்லை என்பது என் துணிபு. எந்தப் படத்தை எதற்குப் பிறகு காட்டுவது என்பதுதான் கேள்வி.

2. அளவுகோல்

1952இல் இந்தியாவின் முதல் சர்வதேசத் திரைப்பட விழா பம்பாயிலிருந்து சென்னைக்கும் வந்தது. சத்தியவேடு அப்போது அதே மாநிலத்து ஊர். விட்டோரியோ டி சிகாவின் ‘பைசைக்கிள் தீவ்ஸ்’ (1948) அந்த விழாவில்தான் இந்தியர் பலருக்கு அறிமுகமானது. பின்னாளில் செழியன் ஆனந்த விகடனில் எழுதிய ‘உலக சினிமா’ தொடர் வெளிநாட்டுப் படங்கள் மீதான ஆர்வத்தைச் சிற்றூர் வாசகர் வரை கொண்டு சேர்த்தது. 2003இல் தொடங்கிய சென்னை சர்வதேசத் திரைப்பட விழாவும் அதிக தூரத்தில் நடப்பதல்ல. ஆனால் அங்கே சப்டைட்டில் ஆங்கிலத்தில் ஓடும். அதை ஓட்டமாகப் படிக்க முடியாதவருக்கு அரங்கின் கதவு பாதிதான் திறந்திருக்கிறது.

நம் பட்டியல்கள் பெரும்பாலும் நாடு, இயக்குநர், விருது என்றே அடுக்கப்படுகின்றன. நான் முன்வைக்கும் வரிசை வேறு: பேச்சே இல்லாதது முதலில், பேச்சு குறைந்தது அடுத்து, வசனத்தை நம்பி நிற்பது கடைசியில். இதில் அனிமேஷன், நடிகர் நடித்தது என்று தனித்தனிப் பந்தி கிடையாது. அனிமேஷன் என்றால் குழந்தைகளுக்கு என்று ஒதுக்குவது நம்மிடையே வேரூன்றிய தவறான எண்ணம்.

3. பேச்சற்றவை

3.1 பேசும் படம் (1987)

உலகப் பட்டியலை உள்ளூர்ப் படத்திலிருந்து தொடங்குவதே முறை. நெல்லூர் மாவட்டத்தில் பிறந்த சிங்கீதம் சீனிவாச ராவ் இயக்கி, கமல்ஹாசனும் அமலாவும் நடித்த இப்படத்தில் வசனம் கிடையாது. தெலுங்கில் ‘புஷ்பக விமானமு’, தமிழில் ‘பேசும் படம்’ எனப் பெயர் மட்டும் மாறியது. ஒலியோ ஏராளம். சினிமாக் கொட்டகையை ஒட்டிய அறையில் கிடந்து பழகிய நாயகனுக்கு நட்சத்திர ஓட்டலின் அமைதியில் தூக்கம் வருவதில்லை. பழைய இடத்துச் சத்தத்தை டேப்பில் பதிந்துவந்து, போட்டுக் கேட்ட பிறகே கண்ணயர்கிறான். வறுமை ஒருவனின் உடம்பில் எப்படி ஊறிப்போகிறது என்பதை ஒரு டேப் ரெக்கார்டரை வைத்தே சொல்லிவிடுகிறார் இயக்குநர். மொழி தெரியாத ஊர்க்காரரும் இதைப் பார்த்துச் சிரிப்பார், சிரித்த பிறகு யோசிப்பார்.

3.2 ஃப்ளோ (2024)

லாட்வியாவின் கின்ட்ஸ் ஜில்பலோடிஸ் இயக்கியது. பிளெண்டர் என்ற இலவச மென்பொருளில் உருவாகி, 2025இல் சிறந்த அனிமேஷன் படத்துக்கான ஆஸ்கர் பெற்றது. பெருவெள்ளம் நாட்டை மூழ்கடிக்க, ஒரு பூனையும் நாயும் லெமூரும் கேப்பிபாராவும் ஒரு பெரும்பறவையும் ஒரே படகில் மிதக்கின்றன. கார்ட்டூன் விலங்குகளைப் போல அவை மனிதக் குரலில் பேசுவதில்லை. பூனை பூனையாகவே கத்துகிறது. பிச்சாட்டூர் அணை திறந்து, ஆரணி ஆற்றில் ஊத்துக்கோட்டைத் தரைப்பாலம் மூழ்கியதைப் பார்த்தவர்களுக்கு, நீர் படிப்படியாக ஏறிவரும் அந்தக் காட்சிகள் அந்நியமாகத் தோன்றாது.

இதே வகையில் மிக்கேல் டுடோக் டெ விட்டின் ‘தி ரெட் டர்ட்டில்’ (2016): ஒரு தீவு, ஒரு மனிதன், ஓர் ஆமை. அழகான படம்தான். எனினும் நிதானமாக நகர்வது. ஊரில் திரையிடும் முதல் இரவுக்கு ஒத்துவராது.

4. குழந்தையின் வழியே

குழந்தைகளின் கவலைகள் கண்ணுக்குத் தெரிகிற பொருள்களைச் சுற்றியே இருக்கும். அதனால் பேச்சு குறைந்தாலும் கதை நிற்கும். ஈரானின் மஜித் மஜிதி எடுத்த ‘சில்ட்ரன் ஆஃப் ஹெவன்’ (1997) படத்தில் அண்ணனும் தங்கையும் ஒரே ஜோடி ஷூவைப் பகிர்ந்துகொண்டு பள்ளிக்குப் போகிறார்கள். தங்கை ஓடிவரும்போது பெரிதாயிருக்கும் அந்த ஷூ காலிலிருந்து நழுவி வாய்க்காலில் விழுந்து மிதந்துபோகிறது. அவள் கரையோரம் துரத்துகிறாள். அந்த நேரத்தில் எந்த மொழி சப்டைட்டிலும் தேவைப்படாது. தமிழில் ‘அக்கா குருவி’யாக 2022இல் வந்ததும் இக்கதையே.

ஜப்பானின் ஸ்டுடியோ கிப்லி 1988 ஏப்ரலில் இரண்டு படங்களைச் சேர்த்தே வெளியிட்டது: மியாசாகியின் ‘மை நெய்பர் டோட்டோரோ’, தகஹாதாவின் ‘கிரேவ் ஆஃப் தி ஃபயர்ஃபிளைஸ்’. முன்னதைக் கைக்குழந்தையோடு உட்கார்ந்து பார்க்கலாம். பின்னது 1945இல் கோபே நகரில் குண்டுவீச்சில் தாயை இழந்த அண்ணன் தங்கையின் கதை. தகர டப்பா மிட்டாய் தீர்ந்ததும் அந்த டப்பாவில் தண்ணீர் ஊற்றிக் குடிக்கக் கொடுக்கிறான் அண்ணன். அனிமேஷன் என்ற பெயரை நம்பிச் சிறு பிள்ளைகளுக்கு இதைப் போட்டுவிடக் கூடாது. பெரியவர்கள் கட்டாயம் பார்க்க வேண்டும்.

5. குரல் மாற்றியவை

வசனத்தை நம்பி நிற்கும் படங்களுக்கு டப்பிங் ஒரு வழி. அதை இழிவாகப் பேசும் ரசிகர்களோடு எனக்கு உடன்பாடில்லை. ஜப்பானியரான யூகோ சாகோ, இந்திய அனிமேஷன் முன்னோடி ராம் மோகனோடு சேர்ந்து உருவாக்கிய ‘ராமாயணா: தி லெஜண்ட் ஆஃப் பிரின்ஸ் ராமா’ 1990களின் தொடக்கத்தில் முடிந்தும் இங்கே திரையரங்குக்கு முறையாக வரவில்லை. 2025 ஜனவரியில்தான் தமிழ், தெலுங்குக் குரல்களோடும் வெளியானது. தாத்தாவுக்குத் தமிழும் பேரனுக்குத் தெலுங்கும் வாகாக இருக்கும் வீட்டுக்கு இதைவிடப் பொருத்தமான வசதி ஏது? பக்கத்து ஶ்ரீசிட்டியில் இசுசூ, டைகின், கோபெல்கோ என்று ஜப்பானிய நிறுவனங்களில் வேலை பார்க்கும் இளைஞர்கள், தங்கள் மேலாளரின் நாட்டுக்காரர் நம் காவியத்தை எப்படி வரைந்தார் என்று காண்பதும் நல்லதே.

6. திரையிடல்

படத்தின் உரிமையாளரிடம் அனுமதி வாங்குவது முதல் வேலை. பேச்சற்ற படத்துக்குத் திரையைவிட ஒலிபெருக்கி நன்றாக இருக்க வேண்டும். சத்தம்தான் அங்கே கதை சொல்கிறது. படத்துக்கு முன்னால் விளக்கவுரை வேண்டாம், கேள்விகள் பிறகு வரட்டும். ‘பைசைக்கிள் தீவ்ஸ்’ வசனம் மிகுந்தது. அதை யாராவது பக்கத்தில் அமர்ந்து தமிழில் சொல்லிக்கொண்டே காட்டலாம், நான்காவது அல்லது ஐந்தாவது இரவில். முதல் இரவுக்குப் ‘பேசும் படம்’ ஒன்றே போதும், மறுநாள் ‘ஃப்ளோ’.