எரிஸ்டாலிஸ் டெனாக்ஸ்

எரிஸ்டாலிஸ் டெனாக்ஸ், சிர்ஃபிடே குடும்பத்தைச் சேர்ந்த ஓர் ஈ. 1758-இல் லின்னேயஸ் இதை விவரித்தார். ஐரோப்பியத் தேனீயின் ஆணை ஒத்திருப்பதால் ஆங்கிலத்தில் ‘ட்ரோன்’ ஈ என்கிறார்கள். அண்டார்க்டிகா தவிர எல்லாக் கண்டங்களிலும் காணப்படுகிறது.

பூவில் அமர்ந்திருக்கும்போது தேனீ என்றே நினைக்கத் தோன்றும். பழுப்பு நிறம், மஞ்சள் ரோமம், வயிற்றில் ஆரஞ்சுத் திட்டுகள், எல்லாம் அப்படியே. ஆனால் இறக்கைகள் நான்கல்ல, இரண்டுதான். உணர்கொம்புகள் குட்டையானவை, தேனீக்குள்ள ஒடுங்கிய இடுப்பு இல்லை, கொடுக்கும் இல்லை. கையில் பிடித்தாலும் கொட்டாது. தேனீயின் வேடம்தான் இதற்குக் காவல்.

இதே பேரினத்தின் மற்ற ஈக்களிலிருந்து பிரித்தறிய, கண்ணைப் பார்க்க வேண்டும். உருப்பெருக்கியில் நோக்கினால் ஒவ்வொரு கண்ணிலும் மேலிருந்து கீழாக இரண்டு கருமையான ரோமப் பட்டைகள் தெரியும். முகத்தின் நடுவே அகலமான, பளபளக்கும் கருங்கோடு இறங்கும். பின்கால்கள் தடித்து வளைந்திருக்கும். வயிற்றுத் திட்டுகள் ஈக்கு ஈ மாறுபடுவதால் நிறத்தை மட்டும் நம்பி முடிவு செய்யக் கூடாது.

வளர்ந்த ஈ பூக்களில் தேனும் மகரந்தமும் உண்டு மகரந்தச் சேர்க்கைக்கு உதவுகிறது. புழுவின் வீடோ முற்றிலும் வேறு: சாக்கடை, எருக்குழி, தொழுவத்துக் கழிவுநீர், அழுகிய இலைகள் மண்டிய குட்டை. உயிர்வளி அருகிய அந்த நீரில் அது வாழ்வது வாலால்தான். உடலைவிடப் பல மடங்கு நீளக்கூடிய அந்த மூச்சுக்குழலை, மடக்கு தொலைநோக்கியை இழுப்பதுபோல் நீட்டி, நுனியை நீர்ப்பரப்பில் வைத்துச் சுவாசிக்கும்; கீழே சேற்றிலுள்ள நுண்ணுயிர்களையும் மட்கிய பொருள்களையும் உண்ணும். இதனால் ‘எலிவால் புழு’ என்றும் பெயர். அருவருப்பாகப் பார்க்கப்படும் இந்தப் புழு, நாற்றமெடுக்கும் நீரிலுள்ள கழிவைத் தின்று குறைக்கும் உழைப்பாளி. கூட்டுப்புழுவாகும் முன் நீரைவிட்டு உலர்ந்த மண்ணுக்கு ஏறிவிடும்.

செத்த எருதின் உடலிலிருந்து தேனீக்கள் பிறக்கும் என்று பழங்கால கிரேக்கரும் ரோமானியரும் நம்பினர். அழுகிய உடலிலிருந்து வெளிவந்தவை இந்த ஈக்களே எனப் பூச்சியியலாளர் ஆஸ்டன் சாக்கென் 1894-இல் வெளியிட்ட நூலில் விளக்கினார். அக்காலத்தவர் கண்டது பொய்யல்ல. ஈயைத் தேனீ என்று எண்ணியதே பிழை.

ஐரோப்பாவில் இலையுதிர்காலத்தில் இணைசேர்ந்த பெண் ஈக்கள், குகைகளிலும் கட்டட இடுக்குகளிலும் ஒடுங்கிக் குளிரைக் கழிக்கின்றன. இளவேனிலில் வெளியே வந்து, தேங்கிய நீரின் ஓரத்தில் முட்டையிடுகின்றன.