ஜெனரேட்டர் இருக்கிறது... வெளிச்சம் எங்கே?

1965 நவம்பர் 9, மாலை 5.16 மணி. கனடாவில் நயாகரா அருவிக்குப் பக்கத்தில் உள்ள சர் ஆடம் பெக் மின்நிலையத்தில் ஒரு ரிலே வேலை செய்தது. வேலை செய்ததுதான் பிரச்சனையே! 1963-இல் அதற்கு வைத்த அளவு, இரண்டு வருடத்தில் ஏறிப்போன லோடுக்குப் போதவில்லை. எந்தக் கோளாறும் இல்லாத ஒரு மின்பாதையை அது துண்டித்துவிட்டது. அந்தச் சுமை மற்ற நான்கு பாதைகளின் தலையில் விழ, அவையும் சில விநாடிகளில் துண்டித்துக்கொண்டன. சற்று நேரத்தில் நியூயார்க் வரை இருட்டு. 3 கோடி பேருக்கு மின்சாரம் இல்லை. சில இடங்களில் 13 மணி நேரம்.

அந்த இரவு இரண்டு பாடம் சொன்னது. முக்கியமான கட்டிடங்களுக்கு அவசர ஜெனரேட்டர் வேண்டும் என்பது ஒன்று. இது எல்லோருக்கும் உடனே புரிந்தது. பாதுகாப்புக் கருவி தப்பான இடத்தில் துண்டித்தால், கோளாறை விடப் பெரிய இருட்டு வரும் என்பது இன்னொன்று. ஜெனரேட்டர் விஷயத்தில் இது விதியாக மாற நாற்பது வருடம் ஆனது.

சரி, அதென்ன பாடம்? ஒரு மருத்துவமனையை எடுத்துக்கொள்வோம். மின்சாரம் ஒரு மரம் மாதிரி. அடிமரத்தில் பெரிய பிரேக்கர், கிளைகளில் நடுத்தரம், நுனியில் சின்னது. வராந்தா விளக்கு ஒன்றில் ஷார்ட் சர்க்யூட் ஆனால் நுனி பிரேக்கர் மட்டும் விழ வேண்டும். இதற்குத்தான் செலக்டிவ் கோஆர்டினேஷன் என்று பெயர். அவசரப்பட்டு மேலே உள்ள பிரேக்கரும் விழுந்தால், அந்த ஒரு விளக்குக்காக மாடி முழுவதும் இருண்டுவிடும்.

"அதற்குத்தானே ஜெனரேட்டர்?" என்று கேட்கலாம். அங்கேதான் வேடிக்கை. ஜெனரேட்டருக்கு மாற்றிவிடும் ஸ்விட்ச், வெளியிலிருந்து வரும் மின்சாரம் இருக்கிறதா என்று மட்டும்தான் பார்க்கும். அதற்குக் கீழே உள்ள பிரேக்கர் விழுந்தால் அதற்குத் தெரியவே தெரியாது. வெளி மின்சாரம் இருக்கிறது, ஜெனரேட்டரும் தயார், டாங்க் நிறைய டீசல். ஆனால் மாடியில் இருட்டு! யாராவது தேடிப் போய்க் கையால் போட்டால்தான் உண்டு.

அமெரிக்காவின் தேசிய மின்விதித் தொகுப்பு 1897-இல் பிறந்தது. இந்தக் கட்டாயம் 1993-இல் லிஃப்ட்டுகளுக்கு வந்தது. ஒரு லிஃப்ட்டின் கோளாறு மற்ற லிஃப்ட்டுகளை நிறுத்தக்கூடாது என்பதே நோக்கம். அவசர மின் அமைப்புகளுக்கு வந்தது 2005 பதிப்பில்தான்.

வந்ததும் சண்டை ஆரம்பித்தது. சாதாரண பிரேக்கர்கள் பெரிய ஷார்ட் சர்க்யூட்டைப் பார்த்ததும் மேலே, கீழே என்று பார்க்காமல் ஒன்றாக விழுந்துவிடும். மேலே உள்ளது பொறுத்திருக்க வேண்டும் என்றால் விலை கூடிய பிரேக்கர் வாங்க வேண்டும். செலவு மட்டும் இல்லை, பொறுத்திருக்கும் ஒவ்வொரு கணமும் கோளாறு நடந்த இடத்தில் நெருப்பின் சக்தி ஏறும். பக்கத்தில் நிற்கும் எலக்ட்ரீஷியனுக்கு அது ஆபத்து. இரண்டு பக்கமும் உயிர்தான்.

கடைசியில் மருத்துவமனைகளுக்கு ஒரு சமரசம் வந்தது. 0.1 விநாடிக்கு மேல் நீடிக்கும் கோளாறுகளுக்கு மட்டும் இந்த ஒழுங்கு இருந்தால் போதும் என்று 2012-இல் மருத்துவமனைகளுக்கான என்.எஃப்.பி.ஏ. 99 விதி சொன்னது. கண் சிமிட்டும் நேரத்துக்கும் குறைவான இடைவெளி அது. அதற்குள் முடிந்துபோகும் பெரிய ஷார்ட் சர்க்யூட்டுக்கு மேல் பிரேக்கர் விழுந்தாலும் விதிப்படி தப்பில்லை.

ஜெனரேட்டரின் விலை பில்லில் தெரியும். எந்த பிரேக்கர் முதலில் விழ வேண்டும் என்று யோசித்து வைப்பதன் மதிப்பு எந்தப் பில்லிலும் தெரியாது... மாடி இருண்ட பிறகுதான் தெரியும்.